சீட்டின் மூக்கு

புதுசாக சைக்கிள் வாங்கும் பெண்கள் எல்லோருக்கும் கடையில் இலவச இணைப்பாகக் கிடைக்கும் வார்த்தை ஒன்று உண்டு: "பழகிடும்." சீட் உறுத்துதே என்று கேட்டால், "புது சீட்டு மேடம், ரெண்டு வாரத்துல பழகிடும்" என்பார்கள். கூட ஓட்டும் ஆண்களும் அதையேதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குப் பழகியிருக்கிறது.

அந்த வார்த்தையில் பாதி உண்மை என்பதுதான் சிக்கல். ரொம்ப நாள் கழித்து சைக்கிள் ஏறுகிற எவருக்கும் முதல் சில நாட்கள் பின்பக்கம் வலிக்கும். சம்மணம் போடாமல் கட்டாந்தரையில் குத்துக்காலிட்டுச் சாய்ந்தால் அடியில் இரண்டு எலும்புகள் முட்டுமே, அந்த இடத்தில். அந்த வலி நிஜமாகவே பழகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி, முக்கால் மணி என்று ஓட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துபோகும். எனக்கும் குறைந்தது. ஆனால் எனக்கு இருந்தது அது மட்டும் இல்லை. முன்பக்கம் எரிந்தது. பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் மரத்துப்போனது. வீட்டுக்கு வந்து மூத்திரம் போகும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. ஒருநாள் ஒரு பக்கம் மட்டும் தடித்து வீங்கியிருந்தது. எலும்பைத் தாங்கும் சதை எடைக்குப் பழகும். நரம்பும் மெல்லிய தோலும் ரத்தக்குழாயும் அழுந்துகிற இடம் எதற்கும் பழகாது. இந்த இரண்டு வலிக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

2021இல், இரண்டாவது அலை ஓய்ந்த பிறகு, நான் ஒரு ஹைப்ரிட் சைக்கிள் வாங்கினேன். திருவான்மியூரில் ஆரம்பித்து ஈசிஆரில் முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்புவது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. ஏறத்தாழ 40 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணி ஈசிஆரை ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கடல் தெரியாது, ஆனால் இடது காதில் இருந்துகொண்டே இருக்கும். எங்கள் குழுவில் பதினெட்டு பேர், அதில் பெண்கள் நான்கு பேர். டயர் பிரஷர், கியர், ஹெல்மெட், வாழைப்பழம் எல்லாவற்றையும் பற்றி வாட்சப்பில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். நான்கு பெண்களும் வாரத்துக்கு ஒரு முறை, தனித்தனியாக, "இன்னைக்கு வரல, கொஞ்சம் வேலை" என்று போடுவோம். அந்த "கொஞ்சம் வேலை" என்னவென்று எங்களுக்குள்ளேயே தெரிந்துகொள்ள எட்டு மாதம் ஆனது.

காரணம், அதைச் சொல்வதற்கு வார்த்தை இல்லை. "அங்க வலிக்குது" என்றுதான் சொல்ல முடிகிறது. இரண்டாயிரம் வருட இலக்கியம் உள்ள மொழியில் எனக்குக் கிடைத்தது ஒரு சுட்டுப்பெயர். சங்கப் பாட்டில் அல்குல் என்று வருகிறது. அது இடுப்பா, இடுப்புக்குக் கீழா என்று உரைகாரர்களும் அகராதிகளும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மருத்துவமனைப் படிவத்தில் பிறப்புறுப்பு. அது ஏதோ பிள்ளை பெறுவதற்கு மட்டும் வைத்த பொருள் மாதிரி. மிச்சம் இருப்பவை கெட்டவார்த்தைகள். சைக்கிள் சீட்டைப் பற்றி ஒரு எளிய கேள்வி கேட்க இந்த மூன்றில் எதைப் பயன்படுத்துவது?

குழுவில் ஒரு அண்ணாவிடம் பொதுவாக "சீட் கம்ஃபர்ட்டா இல்லண்ணா" என்றேன். நல்ல மனிதர். மறுவாரமே ஒரு ஜெல் கவர் வாங்கிக்கொண்டு வந்து தானே மாட்டிவிட்டார். விரலால் அழுத்தினால் அல்வா மாதிரி இருந்தது. பத்து கிலோமீட்டரிலேயே முன்னைவிட மோசமானது. ஏன் என்பது கேட்டவுடன் விசித்திரமாகவும், யோசித்தால் சாதாரணமாகவும் இருக்கும்: மெத்து மெத்தென்ற சீட்டில் எலும்புகள் இரண்டும் உள்ளே புதைகின்றன. புதைந்தால் நடுவில் இருக்கும் ஜெல் மேலே பிதுங்குகிறது. அதாவது எந்த இடத்தில் ஒன்றும் படக்கூடாதோ அந்த இடத்தைப் போய் முட்டுகிறது. அரை மணி நேரம் தெருவுக்குள் ஓட்டுபவர்களுக்கு அது சுகம்தான். இரண்டு மணி நேரத்துக்கு அது எதிரி.

பிறகு தென்சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். "மேரீடா?" என்பது முதல் கேள்வி. அதற்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து எழுதிவிட்டார்கள். தொற்று இருந்தது உண்மை, மருந்தும் கேட்டது. "சைக்கிள் எல்லாம் எதுக்கும்மா, வாக்கிங் போங்களேன்" என்றார் டாக்டர். முழங்கால் வலி என்று ஒரு ஆண் வந்திருந்தால் அவரிடமும் சைக்கிளை விடச் சொல்லியிருப்பாரா, சீட் உயரத்தைக் கேட்டிருப்பாரா என்று இப்போதும் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி இப்போது பிசியோதெரபிஸ்ட். அவள்தான் வீட்டுக்கு வந்து, அமேசான் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, உள்ளே நெளிநெளியாக இருக்கும் அட்டையை மாடிப்படியின் கீழ்ப்படியில் போட்டு, "உக்காருடி" என்றாள். உட்கார்ந்து, முன்னால் கொஞ்சம் குனிந்து, குதிகாலைத் தூக்கி, ஒரு நிமிஷம். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். பள்ளம் மட்டும் நிறம் ஏறாமல் நின்றது. ஒன்றின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு அளந்தால் 132 மில்லிமீட்டர்.

"உன் சீட் எவ்வளவு அகலம்னு அள."

மிக அகலமான இடத்தில் 140. "அப்ப சரிதானே?" என்று கேட்டேன். சரியில்லை. சீட்டின் ஓரம் கீழ்நோக்கி வளைகிறது. எலும்பு உட்கார வேண்டியது ஓரத்தில் இல்லை, ஓரத்துக்கு உள்ளே தட்டையான பகுதியில். இரண்டு பக்கமும் சேர்த்து இன்னும் 20, 25 மில்லிமீட்டராவது வேண்டும். அதாவது எனக்கு 155க்கு அருகில். இத்தனை நாளும் என் எலும்புகள் இரண்டும் சீட்டின் இரண்டு பக்கச் சரிவிலும் நழுவிக்கொண்டிருந்திருக்கின்றன. உடம்பின் எடையை நடுவில் இருந்த சதை தாங்கியிருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கு வழி விடுவதற்காகப் பெண்ணின் இடுப்புக்கூட்டில் கீழ்வாய் அகலம், முன்பக்க எலும்பு வளைவும் விரிந்தது. ஆகவே சராசரியில் ஆணைவிட நமக்கு எலும்புகள் தள்ளித்தான் இருக்கும். ஆனால் சராசரியை நம்பிக் கடைக்குப் போக முடியாது. எங்கள் நால்வரில் ஆகக் குண்டானவளுக்கு அட்டையில் விழுந்தது 112. ஒல்லிக்குச்சி மாதிரி இருப்பவளுக்கு 140. புட்டத்தின் அகலத்துக்கும் எலும்பின் அகலத்துக்கும் சம்பந்தமே இல்லை. கடைக்காரர்கள் ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு "உங்களுக்கு பெரிய சீட்டா போட்டுடலாம் மேடம்" என்று சொல்வது அதனால்தான் இரட்டை அபத்தம்.

அகலத்தைவிட எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது வேறொன்று. அது அம்மாவிடமிருந்து வந்தது.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது அம்மாவுக்குக் கைக்குழந்தை, அதாவது நான். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பதென்று முடிவெடுத்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும்; சாய்நாத்தின் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே உண்டு. கல்லுடைக்கும் பெண்கள், பூ விற்பவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1500 பெண்கள் சைக்கிளில் ஊரையே நிறைத்தார்கள். லேடீஸ் சைக்கிள் பற்றாக்குறையாகிப் போனதால் நிறையப் பேர் ஆம்பளை சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்கே போகும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு என்று சாய்நாத் எழுதுகிறார். எங்கள் அம்மாவும் வாடகை சைக்கிளில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பார் வைத்த வண்டியில்தான் கற்றுக்கொண்டாள். பிறகு பல வருடம் அந்த பாரில் உட்கார்ந்து போனவள் நான்.

போனில் ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். "உனக்கு சைக்கிள் ஓட்டுறப்ப அங்க வலிச்சிருக்கா?"

"எங்க?"

"முன்னாலம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இல்லையே. குண்டிதான் வலிக்கும். சேலையை ரெண்டு மடிப்பா போட்டு உக்காந்துக்குவேன். முன்னால எதுக்கு வலிக்குது? நீ எப்புடி உக்கார்ற?"

பிசியோதெரபிஸ்ட் கேட்டதும் அதே கேள்விதான். அம்மாவின் சைக்கிளில் ஹேண்டில்பார் சீட்டைவிட உயரம். முதுகு நேராக நிற்கும். இடுப்புக்கூடு நிமிர்ந்து, எடை முழுக்கப் பின்னால் அந்த இரண்டு எலும்பின்மேல் இறங்கும். சீட்டும் அதற்கேற்ற மாதிரி: அகலமாக, அடியில் சுருள் ஸ்பிரிங்கோடு. என் சைக்கிளில் ஹேண்டில்பார் கீழே, தூரமாக. அதை எட்டிப் பிடிக்க நான் முன்னால் குனிந்தால் இடுப்புக்கூடும் முன்னால் உருளுகிறது. எடை எலும்பிலிருந்து கழன்று முன்பக்க மெல்லிய சதையின்மேல், சீட்டின் மூக்கின்மேல் போய் உட்காருகிறது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெண் சைக்கிளோட்டிகளை வைத்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது: ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கூடுகிறது, உணர்ச்சி மழுங்குகிறது. பெண் உடம்பு சைக்கிளுக்கு ஒத்துவராது என்று என்னிடம் சுற்றி வளைத்துச் சொன்னவர்கள் எல்லோருக்கும் பதில், முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் மிதித்த ஒருத்தி சேலை மடிப்பின்மேல் உட்கார்ந்து கொடுத்திருக்கிறாள். ஒத்துவராமல் இருந்தது உட்காரும் விதம்.

அம்மாவின் தலைமுறைக்கு வேறு பயங்கள் இருந்தன. கிழிந்துவிடும், கர்ப்பப்பை இறங்கிவிடும், குழந்தை நிற்காது. அம்மாச்சி கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இது நம் ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை. 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஏறியபோது டாக்டர்கள் மருத்துவ இதழ்களில் இதே போலத்தான் எழுதினார்கள்; அவர்களுக்குக் கூடுதலாக ஒரு பயம், சீட்டின் மூக்கு உராய்ந்து பெண்களுக்கு இன்பம் கிளம்பிவிடுமோ என்று. படித்தபோது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. முட்டுக்காடு வரை ஒருமுறை வந்து பாருங்கள் ஐயா, என்ன கிளம்புகிறதென்று. ஆனால் அந்தப் பயத்தாலேயே ஒரு நல்ல காரியமும் நடந்தது. கிறிஸ்டி சேடில் என்று ஒரு சீட் அந்த நாட்களில் விற்றது. எலும்புக்கு ஒன்று ஒன்றாக இரண்டு மெத்தைகள், நடுவில் காலி. விளம்பரத்தில் இடுப்பெலும்புக் கூட்டையே படமாக வரைந்து சீட்டின்மேல் உட்கார வைத்திருந்தார்கள். எது எங்கே படவேண்டும் என்பது நூற்று முப்பது வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பிறகு ஏனோ அது மறந்துபோனது. 1985இல் அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற பொறியாளர் பெண்களுக்கென்றே சைக்கிள் செய்யும் நிறுவனம் ஆரம்பித்து, அதிலிருந்து நடுவில் ஓட்டை போட்ட சீட்டுகள் வந்தது வரை பெண்களுக்கான சீட் என்றால் ஆண்கள் சீட்டைக் குட்டையாக்கி, தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, பூப்போட்டுக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. ஆண்களின் மரத்துப்போதல் மட்டும் கவனம் பெற்றது. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு விறைப்பில் பிரச்சினை வருகிறதா என்று அரசு நிறுவனமே ஆராய்ந்து, மூக்கில்லாத சீட்டைப் பரிந்துரைத்தது. செய்யட்டும், நல்லதுதான்.

ஹன்னா டைன்ஸ் என்று பிரிட்டனின் பாராலிம்பிக் வீராங்கனை ஒருவர். மூன்று சக்கர சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுபவர். சீட் அழுத்தி அழுத்திப் பெண்ணுறுப்பில் ஏற்பட்ட வீக்கம் நிரந்தரமாகி, அறுவை சிகிச்சை வரை போனதை 2019இல் கார்டியன் நாளிதழில் தன் பெயரிலேயே எழுதினார். பந்தய அளவில் பயிற்சி செய்யும் ஒருத்தி, சுற்றிலும் பயிற்சியாளர்கள் இருக்கும் ஒருத்தி, வருடக்கணக்கில் அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அந்தக் கட்டுரையை எங்கள் நால்வர் குழுவில் போட்டேன். ஆமாம், அதற்குள் நாங்கள் நால்வரும் தனியாக ஒரு குழு வைத்துவிட்டோம். பெயர் "கொஞ்சம் வேலை."

அதன் பிறகு பேச்சு தடையில்லாமல் வந்தது. யாருக்கு எது வேலை செய்தது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். ஒருத்திக்கு வெறும் சாய்மானம். அவள் சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருந்தது. ஆலன் கீயால் ஒரு சுற்றுத் தளர்த்தி, மூக்கை இரண்டு டிகிரி போலக் கீழே இறக்கியதும் முக்கால்வாசி வலி போய்விட்டது. அதிகம் இறக்கினால் உடம்பு வழுக்கி முன்னால் வரும், மணிக்கட்டு வலிக்கும். நூல் பிடிக்கிற வேலை. பந்தயச் சைக்கிள்களுக்கு இதற்குக்கூடச் சட்டம் உண்டு. சீட் கிட்டத்தட்டப் படுக்கைமட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று உலக சைக்கிள் சம்மேளனம் வைத்திருந்த விதியை, பிரிட்டிஷ் அணியின் பிசியோதெரபிஸ்ட் ஃபில் பர்ட் போன்றவர்கள் வற்புறுத்திய பிறகு 2016இல் 9 டிகிரி வரை சாய்க்கலாம் என்று தளர்த்தினார்கள்.

இன்னொருத்திக்குப் பிரச்சினை உயரம். மிதியின் கடைசித் தாழ்வை எட்ட அவள் இடுப்பு இடதும் வலதும் ஆடியது. ஆடினால் உராய்வு. சீட்டை ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கினோம். குதிகாலை மிதியில் வைத்தால் கால் நேராகவேண்டும், அதுதான் எளிய கணக்கு. ஊரில் பள்ளிப் பிள்ளைகள் செய்வது இதற்கு நேரெதிர். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் எனக்குக் கொடுத்த சைக்கிளில், இரண்டு பாதமும் தரையில் முழுசாக ஊன்றவேண்டும் என்று நாங்கள் எல்லோரும் சீட்டை அடிவரை இறக்கி வைத்திருந்தோம். விழமாட்டோம் என்ற தைரியம். ஆனால் அப்படி உட்கார்ந்தால் கால் எடையே தாங்காது. உடம்பு மொத்தமும் சீட்டில் மூட்டை மாதிரி இறங்கும். ஓங்கி மிதிக்கிறவளுக்கு சீட்டில் எடை குறைவு. சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று மெதுவாகப் போகிறவளுக்கு அதிகம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மிதியில் எழுந்து நின்று ரத்தத்தை ஓடவிடுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது மூன்று: 155 சீட், ஹேண்டில்பாரை உயர்த்திக் கொஞ்சம் என் பக்கம் கொண்டுவரும் ஸ்டெம், பேடு வைத்த ஷார்ட்ஸ். நடுவில் பள்ளமோ ஓட்டையோ உள்ள சீட் எல்லாருக்கும் வரம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். எனக்கு அதுதான் விடுதலை. ஒருத்திக்கு அந்த ஓட்டையின் விளிம்பே அறுத்தது. இதழ்கள் வெளித்தெரிய இருப்பவர்களுக்கு அது ஓட்டைக்குள் இறங்கி வீங்கலாம். உடம்புக்கு உடம்பு வேறு, இந்த இடத்தில் இன்னும் வேறு.

ஷார்ட்ஸ் ஒரு தனிக் கதை. அதற்கு உள்ளே ஜட்டி போடக்கூடாது. ஜட்டியின் தையலும் எலாஸ்டிக்கும் ஆயிரம் மிதிக்கு ஆயிரம் முறை ஒரே இடத்தை அறுக்கும். சுடிதார் பேண்டில் நான்கு தையல் சந்திக்கும் முடிச்சு அதைவிடக் கொடுமை. ஈரம் பிடித்துவைக்கும் வேறு. அம்மாவிடம் சொன்னபோது, "அட கருமமே, ஒண்ணும் போடாமயா ரோட்டுல போற?" என்றாள். நான்கு நாள் கழித்து அவளே போன் பண்ணி, "அந்த மெத்த வச்ச டவுசர் என்ன வெல?" என்று கேட்டாள். சென்னைப் புழுக்கத்தில் வீடு வந்ததும் முதல் வேலை அதைக் கழற்றிக் குளிப்பது. ஈரத்தோடு உட்கார்ந்து ஃபில்டர் காபி குடித்துக்கொண்டே ரைடு படங்களை ஏற்றுவதெல்லாம் பூஞ்சைக்கு அழைப்பிதழ். முடியை மழிக்காதீர்கள் என்பது இன்னொன்று. ரியோ ஒலிம்பிக்குக்கு முன் பிரிட்டிஷ் அணி நிபுணர்களைக் கூட்டி வைத்துப் பேசியதில், வீராங்கனைகளுக்குக் கிடைத்த முக்கியமான அறிவுரைகளில் அது ஒன்று. அந்த முடி அங்கே காரணமாகத்தான் முளைத்திருக்கிறது. வீக்கம் இறங்காமல் இருந்தாலோ, மரத்துப்போனது சைக்கிளை விட்டு இறங்கி வெகுநேரமாகியும் திரும்பாவிட்டாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். முதல் டாக்டர் வாக்கிங் போகச் சொன்னால் அடுத்த டாக்டரிடம்.

பணம்தான் மிச்சமிருக்கும் எரிச்சல். ஒரு நல்ல சீட்டின் விலையில் அம்மாவின் காலத்தில் இரண்டு சைக்கிள் வாங்கியிருக்கலாம். உட்கார்ந்து ஓட்டிப் பார்க்காமல் தெரியாது. ஓட்டிப் பார்த்ததைக் கடைகள் திரும்ப எடுப்பதில்லை. அதனால் எங்கள் நால்வரிடமும் ஒத்துவராத சீட்டுகள் சேர்ந்துபோயின. அவற்றை என் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அகலத்தை மார்க்கரால் எழுதி வைத்தேன். 143, ஓட்டை. 155, பள்ளம். 168, ஸ்பிரிங். யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், இரண்டு வாரம். குழுவில் இப்போது இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததில்லை. சில பேர் தினமும் வேலைக்கு சைக்கிளில் போகிறவர்கள், ஈசிஆர் பக்கமே வந்ததில்லை. அவர்களுக்கு அந்த 168தான் அதிகம் போகிறது. புதுசாக வருபவர்களுக்கு முதலில் அட்டைப்பெட்டிப் படம் அனுப்புவோம், பிறகு ஹேண்டில்பார் எவ்வளவு உயரம் என்று பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ கேட்போம்.

நேற்று ராத்திரி அம்பத்தூரிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: "அக்கா, 143 எனக்கு செட் ஆகல, வலது பக்கம் மட்டும் எரியுது. மூக்க இறக்கியும் பாத்துட்டேன். 155 யார்ட்ட இருக்கு?"

155 வேளச்சேரியில் இருந்தது. வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஒரு கால் இன்னொன்றைவிட நீளமா என்று சுவரோரம் நின்று அளந்துவைக்கவும் சொல்லியிருக்கிறேன்.